எங்கேயும் விழவில்லை

போன வாரம் எங்கள் தொடர்மாடியின் லிப்டில் மேல்வீட்டு அன்ரியைக் கண்டேன். வலது பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டு வரை பழைய வேட்டித் துண்டால் சுற்றியிருந்தார். லிப்ட் முழுக்க நோவெண்ணெய் மணம். "எங்கேயாவது விழுந்தீர்களா அன்ரி?" என்று கேட்டேன். "இல்லைத் தம்பி, எங்கேயும் விழவில்லை. சும்மா இருக்க வந்தது" என்றார். மூன்றாம் மாடியில் இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கேள்வியை வாழ்நாளில் யாரிடமும் கேட்பதில்லை என்று ஒருகாலத்தில் சத்தியம் செய்திருந்தவன் நான். அவர் சொன்ன பதிலும் எனக்குப் புதிதல்ல. ஏறத்தாழ ஓராண்டு காலம் கொழும்பு வெள்ளவத்தை முழுவதும் நானே சொல்லித் திரிந்த பதில்.

என் கதை 2022 ஓகஸ்டில் ஒரு கேத்திலோடு தொடங்கியது. காலைத் தேநீருக்குச் சுடுநீர் ஊற்றத் தூக்கினேன். முழங்கையின் வெளிப்பக்கத்தில், எலும்பு முனை துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், யாரோ கோணி ஊசியால் நெம்பியதுபோல் இருந்தது. கேத்திலை வைத்துவிட்டு இடது கையால் ஊற்றினேன். இரண்டு நாளில் மாறிவிடும் என்று விட்டதுதான். இரண்டு வாரத்தில் கதவுச் சாவியைத் திருப்ப முடியவில்லை. கோயிலில் தெரிந்தவர் கைகொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இதில் ஒரு விசித்திரமும் இருந்தது. உள்ளங்கை மேலே பார்க்க, அரிசிப் பையைக்கூட ஏந்திவிடலாம். உள்ளங்கை கீழே பார்க்க, மேசையிலிருந்து பால்மா பக்கெட்டை எடுத்தால் உயிர் போய்விடும்.

கேட்டவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: எங்கே விழுந்தாய்? விழவில்லை என்றால், எங்கே இடித்தாய்? இடிக்கவும் இல்லை என்றதும் அவர்களுக்கு என்மேல் ஒரு சந்தேகம் வந்துவிடும். காரணம் சொல்லத் தெரியாத நோவு ஒன்று பொய்யாக இருக்கவேண்டும், அல்லது வெளியே சொல்லக்கூடாத பெரிய வியாதியாக இருக்கவேண்டும். மாமியார் நான் இரவில் தலைக்குக் குளித்ததைப் பிடித்துக்கொண்டார். அலுவலகத்தில் கணினிச் சுட்டியைக் குற்றவாளியாக்கினார்கள். நானும் அதை நம்பிச் சுட்டியை இடது கைக்கு மாற்றி, ஒரு மாதக் கணக்குகளைக் குளறுபடி செய்தேன். கனடாவிலிருந்து அண்ணா, இருதயத்தைச் சோதித்துப் பார் என்றார். நோவது வலது கை என்று சொன்ன பிறகும் அவர் விடவில்லை.

நரம்பு என்னும் பொதுப்பெயர்

எல்லாரும் ஒத்துப்போன ஒரே விடயம், இது 'நரம்பு' என்பது. நரம்பு பிரண்டிருக்கிறது, நரம்பு இழுத்துப் பிடிக்கிறது, நரம்பின்மேல் நரம்பு ஏறிவிட்டது. நம் பேச்சில் நரம்பு என்பது வாய் அகன்ற சாக்கு. இரத்தம் ஓடும் குழாயும் அதற்குள். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழையும் அதற்குள். தசையை எலும்போடு கட்டும் தசைநாணும், எலும்பை எலும்போடு கட்டும் இணைப்பு நாரும் அதற்குள்தான். சிங்களத்தில் 'நஹர' என்ற சொல்லுக்கும் இதே பாடு. நம்மவரைக் குறை சொல்லவும் முடியாது. யாழ் என்ற இசைக்கருவியில் பூட்டியதும் நமக்கு நரம்புதானே. இழுத்துக் கட்டியது எதுவோ அது நரம்பு. பழைய கிரேக்கர்கள்கூட 'நியூரோன்' என்ற சொல்லால் முதலில் குறித்தது தசைநாணையும் வில்லின் நாணையும்தான். மூளையின் இழைகளுக்கு அந்தப் பெயர் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. ஆனால் நோ வந்தபின் இந்தப் பொதுப்பெயர் காலை வாரிவிடும். பிரண்டது என்றால் நீவினால் நேராகிவிடும் என்று மனம் சொல்லும். நானும் மூன்று வாரம் ஒரு முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் நீவிக்கொண்டேன். இதமாக இருந்தது, அவ்வளவுதான்.

சுளுக்கு வேறு சங்கதி. சுளுக்குக்குப் பிறந்தநாள் உண்டு. 1999இல் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிக்க ஓடி, வடிகால் மூடியொன்று பதிந்திருந்த இடத்தில் என் இடது பாதம் உட்பக்கமாக மடிந்தது. கணுக்காலின் வெளிப்பக்கத்தில் மூன்று இணைப்பு நார்கள் இருக்கின்றன; பாதம் அப்படி மடியும்போது பெரும்பாலும் முன்னால் இருப்பதுதான் முதலில் கிழியும். அரை மணி நேரத்தில் கோழிமுட்டை அளவு வீக்கம், மறுநாள் கறுநீலம். அந்த நோவுக்கு எவரும் காரணம் தேடவில்லை. இடம் இருந்தது, நேரம் இருந்தது, பார்த்த சாட்சிகளும் இருந்தார்கள்.

கெண்டைத் தசையைக் குதிக்காலோடு கட்டும் குதிநாண் அறுவதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். நாற்பதைத் தாண்டி, வாரக்கடைசியில் மட்டும் மைதானத்துக்குப் போகிறவர்களைத் தேடி வரும் விபத்து அது. ஓட எத்தனிக்கும்போது பின்னங்காலில் யாரோ உதைத்ததுபோல் இருக்கும். திரும்பினால் ஆள் இருக்காது. என் நண்பர் ஒருவர் பழைய மாணவர் மென்பந்துப் போட்டியில் விக்கெட் காப்பாளரோடு சண்டைக்கே போய்விட்டார், அவர்தான் உதைத்தார் என்று. ஆனால் அந்தப் பிறந்தநாளும் முழு உண்மை அல்ல. 1991இல் கன்னுஸ், யோசா என்ற இருவர், தானாக அறுந்த தசைநாண்களோடு வந்த 891 பேரின் திசுக்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து எழுதினார்கள். ஏறத்தாழ எல்லாவற்றிலும் இழைகள் ஏற்கெனவே சிதைந்திருந்தன. பிரி கழன்ற தும்புக் கயிறு கடைசி வாளியோடு அறுந்து விழுந்தால் அந்த வாளியையா பழி சொல்வது?

என் முழங்கைக்கு டொக்டர் சொன்ன பெயர் 'டென்னிஸ் எல்போ'. நான் டென்னிஸ் மட்டையைக் கையில் தொட்டதும் இல்லை. இந்த நோ வருகிறவர்களில் பெரும்பாலோர் தொட்டிருக்கமாட்டார்கள். முழங்கை என்றால் நம்மவருக்கு முதலில் நினைவு வருவது சுழற்பந்து வீச்சாளர் முரளிதான். பிறவியிலேயே முழுதாக நிமிராத அந்த முழங்கையைப் பற்றி உலகமே 1995இலிருந்து அளவுகோலோடு சண்டை பிடித்தது. அடுத்தது டெண்டுல்கர், 2004இல் இந்த நோவால் ஆட்டங்களைத் தவறவிட்டு, அடுத்த ஆண்டு லண்டனில் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். ஆனால் இந்த நோவை முதலில் எழுதிவைத்த ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர், 1873இல், அதை எழுதுகிறவர்களின் கைப்பிடிப்போடு சேர்த்துத்தான் பேசினார். டென்னிஸ் பெயரை அதன் பிறகு இங்கிலாந்துக்காரர்கள் சூட்டினார்கள். முதலில் கணக்குப்பிள்ளைகளுக்குச் சொந்தமாக இருந்த வியாதியை விளையாட்டு வீரர்கள் பறித்துக்கொண்டார்கள் என்று எனக்கு இன்னமும் ஒரு மனத்தாங்கல் உண்டு.

இதை வாசிக்கும்போதே கையை இறுக்கப் பொத்திப் பாருங்கள். விரல்களை மடக்குவது முன்கையின் உட்பக்கத் தசைகள். அவை மட்டும் இழுத்தால் மணிக்கட்டும் கூடவே உள்ளே மடிந்துவிடும்; மடிந்த மணிக்கட்டோடு எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. அப்படி மடியாமல் நிமிர்த்திப் பிடிப்பது வெளிப்பக்கத் தசைகள். அவற்றில் பல ஒரே நாணாகத் திரண்டு, முழங்கையின் வெளிமுனையில் ஒரு விரல்நுனி அகலத்துக்குள் கட்டுண்டு நிற்கின்றன. துணி பிழிந்தாலும், வாளி தூக்கினாலும், போத்தல் மூடி திறந்தாலும், வெளியே தெரியாமல் வேலை செய்வது அந்த விரல்நுனி இடம்தான்.

ஊசி

நவம்பரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். டொக்டரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பொறுத்திருந்து பார்க்கலாம் என்றுதான் தொடங்கினார். எனக்குப் பொறுமை இல்லை, வரிசையில் எனக்குப் பின்னால் முப்பது பேர் இருந்ததால் அவருக்கு நேரமும் இல்லை. மூன்றாம் நாள் நோ போயே போய்விட்டது. நத்தார் விடுமுறையில் வீட்டுச் சுவருக்கு வர்ணம்கூட அடித்தேன். தைப்பொங்கலன்று பானையை இறக்கும்போது திரும்பி வந்தது, முன்பைவிட மோசமாக.

பிறகுதான் தேடி வாசித்தேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இதே நோவுள்ள 165 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கு முதல் வாரங்களில் நல்ல சுகம். ஓராண்டு கழித்துப் பார்த்தால், மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களைவிட அவர்களுக்குத்தான் நோ அதிகம் திரும்பியிருந்தது. இதற்குப் பின்னால் ஒரு பெயர்க் குழப்பமும் இருக்கிறது. இதை நெடுங்காலம் அழற்சி என்றே எண்ணினார்கள். அழற்சியை அடக்கத்தான் அந்த மருந்து. ஆனால் 1979இலேயே நிர்ஷல் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர், முழங்கையிலிருந்து வெட்டி எடுத்த திசுவில் எதிர்பார்த்த அழற்சிக் கலங்கள் இல்லை என்று காட்டினார். இருந்தது ஒழுங்கு குலைந்த இழைகளும் கண்டபடி முளைத்த குருதிக் குழாய்களும்தான். எரியாத வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். நோ அடங்கியதும் நான் வர்ணம் அடிக்கப் போனதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

நாங்கள் பார்க்காத மின்வெட்டா

2023 மார்ச்சில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். மட்டக்களப்பில் வேலை செய்தபோது பழகிய தமிழ் அவரிடம் இருந்தது, என் சிங்களத்தைவிடப் பல மடங்கு நல்ல தமிழ். நான் உட்கார்ந்ததும், வழக்கமான கேள்விக்கு முன்கூட்டியே, "எங்கேயும் விழவில்லை மிஸ்" என்றேன். அவர் சிரித்தார். "விழுந்தீர்களா என்று நான் கேட்கவில்லையே. நோ தொடங்குவதற்கு முந்திய நாலைந்து மாதத்தில் உங்கள் கைக்குப் புதிதாக என்ன வேலை வந்தது?" ஒன்றுமில்லை, நான் கணக்குப்பிள்ளை, பதினெட்டு வருடமாக அதே மேசை என்றேன். அவர் என் அட்டையைப் பார்த்தார். "2022 ஓகஸ்ட் என்று எழுதியிருக்கிறது. அதற்கு முதல் நாலைந்து மாதம் நம் எல்லாருக்கும் என்ன நடந்தது?"

நான் வாயடைத்துப் போனேன். பொருளாதார நெருக்கடியின் அந்த மாதங்களை நாடே மறக்காது. என் முழங்கையோடு முடிச்சுப் போட எனக்கு மட்டும் தோன்றவில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணிநேரம்வரை போனது. மின்சாரம் இல்லையென்றால் லிப்ட் இல்லை, தண்ணீர்ப் பம்பி இல்லை, சலவை இயந்திரம் இல்லை. கீழ்த் தொட்டியிலிருந்து மூன்று மாடிக்குத் தண்ணீர்க் கான் சுமந்தது நான். போர்வைகளையும் ஜீன்ஸையும் கையால் தோய்த்துப் பிழிந்தது நான். எரிவாயு வரிசையில், சங்கிலியால் பிணைத்த சிலிண்டர்களோடு சிலிண்டராக இரண்டு பகல் நின்று, கிடைத்ததை விளிம்பில் உருட்டி வந்து, படியில் ஒற்றைக் கையால் தூக்கி ஏற்றினேன். உள்ளே 12.5 கிலோ எரிவாயு. இரும்புக் கூட்டையும் சேர்த்தால் அதைப்போல் இரண்டு மடங்கு. உள்ளங்கை கீழே பார்க்க, வளையத்தை இறுக்கிப் பிடித்தபடி.

இதில் எனக்கு உறுத்துவது சுமை அல்ல. அதைத் தூக்கியபோது இருந்த மிதப்பு. அந்த நாட்களில் கொழும்பிலிருந்த யாழ்ப்பாணத்தார் எங்கள் எல்லாரிடமும் அந்த மிதப்பு இருந்தது. நாங்கள் பார்க்காத மின்வெட்டா? 1990இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் போனபோது எனக்கு 14 வயது. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். கிணற்றில் அள்ளிய தண்ணீருக்குக் கணக்கில்லை. பெற்றோலுக்கு அழும் கொழும்பு நண்பர்களைப் பார்த்து எனக்குள் ஒரு நக்கல். மனைவி, கீழ்வீட்டுப் பையனைக் கூப்பிடுவோம் என்றபோதும், விடு, இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் என்று சிலிண்டரைத் தூக்கினேன். பழக்கம் பதினாலு வயதுக்காரனுடையது. தூக்கியவனுக்கு நாற்பத்தாறு வயது. இடையில் முப்பது வருடம் பேனையும் சுட்டியும்தான்.

தசைநாணுக்குக் கூடாதது கனமான வேலை என்று நினைக்கிறோம். இயன்மருத்துவர் சொன்னது, திடீரென்று கூடும் வேலை என்று. என் மனைவி இருபத்திரண்டு வருடமாகத் திருவலையில் தேங்காய் திருவுகிறாள், இடியப்ப உரலைப் பிழிகிறாள். அவள் முழங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. புறக்கோட்டையில் நாட்டாமிகள் தோளில் மூட்டையோடு சனத்துக்குள் வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்க்கிறோம். ஏறிய சுமைக்கு ஏற்பத் தசைநாண் மெல்ல மெல்லத் தன்னைக் கட்டிக்கொள்ளும், ஆனால் அதன் வேகம் தசையின் வேகம் அல்ல. குருதியோட்டம் குறைவு, எல்லாமே மாதக் கணக்கு. (நாட்டாமிகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். தாங்க முடியாதவர்கள் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார்கள். நாம் பார்ப்பது எஞ்சியவர்களைத்தான்.)

அவர் வேறு கேள்விகளும் கேட்டார். சர்க்கரை வியாதி இருக்கிறதா? நீரிழிவு உள்ளவர்களுக்குத் தசைநாண் இறுகும். தோள்மூட்டு உறைந்து போவதும் அவர்களுக்குத்தான் அதிகம். என் அக்கா ஒரு வருடம் தலைமுடியைத் தானே பின்ன முடியாமல் இருந்தது அப்போதுதான் புரிந்தது. அண்மையில் சிப்ரோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுத்தீர்களா? அந்த வகை மருந்துகள் தசைநாணை, குறிப்பாகக் குதிநாணை, அறுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இல் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட வைத்தது. எனக்கு இரண்டும் இல்லை. எனக்கு இருந்தது மிதப்பு மட்டும்.

வைத்தியம் என்று அவர் தந்தது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்க, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலைப் பிடிக்கவேண்டும். இடது கையால் உயர்த்திவிட்டு, வலது கையால் மெதுவாக, ஐந்து எண்ணும்வரை இறக்கவேண்டும். பதினைந்து தடவை, மூன்று சுற்று. நோகும், சற்று நோகத்தான் வேண்டும் என்றார். நோகிற கைக்கு வேலை கொடுப்பதா என்று நான் முறைத்தபோது அவர் சொன்ன கதையை இப்போதும் ரசிக்கிறேன். அல்பிரெட்சன் என்ற சுவீடன் சத்திரசிகிச்சை நிபுணருக்குக் குதிநாணில் தீராத நோ. சத்திரசிகிச்சை செய்யும்படி மேலதிகாரியைக் கேட்டாராம், அவர் மறுத்துவிட்டார். அறுந்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று, அதை அறுத்துவிடும் நோக்கத்தோடு படியில் நின்று குதிக்காலை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தாராம். அறவில்லை, நோ போய்விட்டது. பிறகு ஓட்டக்காரர்கள் 15 பேருக்கு 12 வாரம், நாளுக்கு இரண்டு வேளை அதையே செய்வித்து 1998இல் முடிவை வெளியிட்டார். உலகெங்கும் குதிநாண் நோவுக்கு அந்தப் பயிற்சி போய்ச் சேர்ந்தது.

ஐந்து வாரம் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தல் ஒரு கிலோ சீனிப் பக்கெட்டாக மாறியது. ஜூலையில் ஒரு காலை, தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் கேத்திலை வலது கையால் தூக்கியிருக்கிறேன் என்று கவனித்தேன். பயிற்சிதான் மாற்றியது என்று அடித்துச் சொல்லமாட்டேன். சும்மா விட்டாலும் ஓராண்டு அளவில் பெரும்பாலோருக்கு இது தணிந்துவிடும். என் கணக்கில் ஊசியால் இழந்த மாதங்களும் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் வாசித்த இன்னோர் ஆய்வு மனதை விட்டுப் போகவில்லை. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கதிர்வீச்சுக் கரியை வைத்து, உடம்பின் எந்தத் திசு எந்த வருடத்தில் உண்டானது என்று அளக்கலாம். டென்மார்க்கில் 2013இல் அப்படிக் குதிநாணை அளந்தார்கள். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவானது. அதன் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்றே சொல்லலாம். எனக்கு 17 வயது 1993இல். அப்படியானால் கொழும்பில் முப்பது வருடம் நான் நடந்தது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக்காலத்தில், சைக்கிள் மிதித்துச் செய்த நாணின்மேல். முழங்கை நாணை யாரும் அப்படி அளந்து நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன். அன்ரி நல்லூரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகள் பிரசவ விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியதும் ஏழு மாதப் பேரனைப் பார்க்க வந்தவர். இந்தத் தடவை ஒழுங்காகக் கேட்டேன்: "இங்கே வந்தபிறகு கைக்குப் புதிதாக என்ன வேலை அன்ரி?" அவர் பாயில் கிடந்த பேரனை நாடியால் காட்டினார். அவன் அழுதான், தூக்கினார். இரண்டு கையும் பிள்ளையின் கக்கத்துக்குக் கீழே, பெருவிரல்கள் அகல விரிந்து மேலே நிமிர்ந்து, மணிக்கட்டு மடிந்து, முழுப் பாரமும் அந்தக் கவட்டில். நாளுக்கு நாற்பது தடவையாவது இருக்கும். பெருவிரலுக்குப் போகும் இரண்டு நாண்கள் மணிக்கட்டுக்கு மேலே ஒடுக்கமான ஓர் உறைக்குள்ளால் ஓடுகின்றன. உரசி உரசி அந்த உறை தடித்துவிட்டால் இந்த நோ. 1895இல் சுவிட்சர்லாந்தின் டி குவர்வெய்ன் எழுதியது. புதுத் தாய்மாருக்கு அதிகம் வரும் என்று புத்தகங்கள் சொல்லும். வெள்ளவத்தையில் பிள்ளை தூக்குவது அம்மம்மாக்கள்தான். பெருவிரலை உள்ளே வைத்துக் கையைப் பொத்தி, சின்னவிரல் பக்கமாக மெதுவாகச் சரிக்கச் சொன்னேன். "ஐயோ" என்று இடது கையால் என் தோளில் ஓர் அடி வைத்தார்.

கிளினிக் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அதுவரைக்கும் என்று, ஒரு கையைப் பிள்ளையின் பிட்டத்துக்குக் கீழும் மறு கையை முதுகுக்குக் கீழும் கொடுத்து, உள்ளங்கைகள் மேலே பார்க்க, விரல்களைச் சேர்த்து ஏந்திக் காட்டினேன். "சுளகு பிடிக்கிறதுபோல என்று சொல்லியிருக்கலாமே, அதற்கு இவ்வளவு விளக்கமா" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் என் சிலிண்டர்க் கதையைச் சொன்னேன். அவர் பிள்ளையின் நிறைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்: போன மாதம் 7.6 கிலோ, இந்த மாதம் 8.1.

"சிலிண்டராவது எரிக்க எரிக்கக் குறையும் தம்பி" என்றபடி, பேரனைச் சுளகாக ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் போனார்.